கொட்டகை முழுக்க அழுகை

இரண்டாம் உலக யுத்தம் முடியாத காலம் அது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில்தான் எங்கள் மாதா கோயில். கோயில் வளாகத்துக்குள்ளேயே பெரிய தகரக் கொட்டகை உண்டு. கல்யாணச் சாப்பாடு, கூட்டம், நாடகம் எல்லாமே அங்கேதான். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்டவரின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். பாஸ்கா என்போம். வேதக்காரர்களான நாங்கள் மட்டுமில்லை, சுற்றுப்பட்டில் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் ஜனங்களுக்கு அது நாடகமே இல்லை. சிலுவையில் அறைகிற கட்டம் வந்தால் பெண்கள் நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, இழவு வீட்டில் அழுவது மாதிரியே அழுவோம். யார் நன்றாக அழுதது என்று மறுநாள் கிணற்றடியில் பேச்சுக்கூட நடக்கும்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஆணி அடிக்கிற சேவகன் வேஷம். பெருமை தாங்காமல் ஒரு வாரமாகச் சுத்தியலும் கையுமாகத் திரிந்தார். நான் இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். காலையில் நன்றாக விளையாடிய பிள்ளைக்கு உடம்பு சுட்டது. தகரத்தின் வெக்கைதான் என்று முந்தானையால் விசிறினேன்.

மேடையில் முதல் ஆணி இறங்கியதும் கொட்டகையே அலறியது. அதே நேரம் என் மடியில் பிள்ளை விறைத்தாள். கண் மேலே சொருகிவிட்டது. நான் மாரில் அடித்துக்கொண்டு கத்தினேன். பக்கத்திலிருந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தப் பக்கத்துக்காரியும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எழுந்திருக்கவே முடியவில்லை. கத்தக் கத்த இன்னும் இறுக்கினார்கள்.

ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஓர் அம்மாள், நெற்றி நிறையத் திருநீறு, நரிக்குடிப் பக்கத்து ஆளாம், கூட்டத்தை மிதித்துக்கொண்டு வந்தார். அவர் ஒருவர்தான் அழவில்லை.

"சாமிக்குப் பெறகு அழுகலாம்டி! பிள்ளைக்கு ஜன்னி கண்டிருக்கு, அவளை விடுங்கடி!"

கைகளைப் பிய்த்தெடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வளாகத்துக் கிணற்றில் சேறுதான் கிடந்தது. பங்குச் சாமியார் பங்களாப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றினார். பிள்ளையின் மூச்சு அவர் மடியிலேயே அடங்கிவிட்டது. கொட்டகையில் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை.

யாரோ போய்ச் சொல்ல, என் வீட்டுக்காரர் வேஷத்தோடு ஓடிவந்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"கூட்டம் நல்லா அழுகுதேன்னு ஓங்கி ஓங்கி அடிச்சேன்டி..." என்றார்.

பெரிய வெள்ளிக்கு மணி அடிக்கக் கூடாது. என் மகளுக்குத் துக்க மணிகூட இல்லை. மரக்கட்டையைத் தட்டித்தான் கொண்டுபோனார்கள். அதற்காக ஆண்டவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த அம்மாளின் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போதும் பாஸ்காவுக்குப் போகிறேன். ஆணி அடிக்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.