மாமாவுக்கு இரண்டாவது கருமாதி

ஸ்காபரோவில் மாமாவின் உடலை வைத்திருந்த ஃபியூனரல் ஹோமின் மேசையில் என் கணவரின் கைபேசி ஸ்பீக்கரில் கிடந்தது. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவருடைய பெரியப்பா மகன் பேசிக்கொண்டிருந்தார். "பதினாறாம் நாள் கருமாதி பண்ணியே ஆகணும் தம்பி. அம்மாவுக்குச் செய்ய வேண்டியதையும் அன்னிக்கே முடிச்சிடு." ஐயர் திகதி கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். செத்த பிறகும் இந்த மனிதர் எங்களை நிம்மதியாக இருக்க விடவில்லை. சாப்பாட்டு மேசையில், காரில், என் அக்கா மகளின் கல்யாணத்தில்கூட, என் மாமனார் ஒரே வசனத்தைத்தான் சொல்லிவந்தார்: "எனக்குக் கருமாதி ஆயிடுச்சு. இன்னொண்ணு கூடாது."

அது பகிடி அல்ல. மாமா இந்திய ராணுவத்தின் குதிரைப்படையில் இருந்தவர். இளவயதில் ராஜஸ்தான் எல்லையில், மணற்காட்டில் ரோந்து போன ஒரு நாள், புழுதிப் புயலில் குதிரை மிரண்டு அவரைத் தள்ளிவிட்டது. குதிரை வெறும் சேணத்தோடு முகாமுக்குத் திரும்பிவிட்டது. மாமா எதிர்த்திசையில் நடந்து எல்லை தாண்டிப் பிடிபட்டார். ஊருக்குப் போன தந்தி அவர் இறந்திருக்கக்கூடும் என்றது. ஊர் அந்தக் 'கூடும்' என்ற சொல்லைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய அண்ணன் மொட்டை போட்டுக் கருமாதி செய்தார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து விடுதலையாகி வந்த மாமா, சுவரில் மாலை போட்ட தன் படத்தைத் தானே கழற்றினார். என் கணவர் பிறந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவும் கணவர் சொல்லி எனக்குத் தெரியும். மாமாவிடம் கேட்டால், "குதிரைக்கு வழி தெரிஞ்சுது, எனக்குத் தெரியல" என்பதோடு கதை முடிந்துவிடும். சிறையில் என்ன நடந்தது, திரும்பி வந்தபோது மாமி என்ன சொன்னார், ஒன்றும் வராது. எங்கள் முதியோர் சங்கம் ஒருமுறை அவருக்குப் பொன்னாடை போர்த்தி, போர் அனுபவத்தைப் பேசச் சொன்னது. குதிரைக்கு வயிறு உப்பினால் என்ன செய்ய வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். சாணத்தின் நிறங்களைப் பற்றி அவர் விளக்கத் தொடங்கியபோது முன்வரிசையில் வடையோடு இருந்த ஒரு அன்ரி தட்டைக் கீழே வைத்தார். நான் வெட்கத்தில் தலை குனிந்திருந்தேன்.

ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் புதுவீடு வாங்கியபோது தெருவின் முடிவில் ஒரு குதிரைப் பண்ணை இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார். எந்தக் குளிரிலும் கையுறை இல்லாமல் வேலியருகே போய் நிற்பார். இதயம் பலவீனம், கால் வீங்குகிறது, உப்பும் ஆகாது, குளிரும் ஆகாது.

"மாமா, டொக்டர் சொன்னவர் எல்லோ? ஏன் சொல்வழி கேக்கிறீங்களில்லை?"

"அவுரு என்னைக் குதிர மேல ஏறக்கூடாதுன்னாரா? இல்லியே."

ஊறுகாய்ப் போத்தலை நான் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்தார். பிடித்து நடக்க வோக்கர் வாங்கிக் கொடுத்தோம். அதில் தன் சால்வையைக் காயப் போட்டார்.

இந்த மாசியில் ஆம்புலன்ஸ் வந்தபோது, படியில் தானே இறங்குவேன் என்று அதில் வந்த பிள்ளைகளோடு வாக்குவாதப்பட்டார். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் குழாயைத் திரும்பத் திரும்பக் கழற்றினார். "மூக்கணாங்கயிறு போட நான் என்ன மாடா?" நான் ஏசி ஏசி மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் பின்னேரம், தேத்தண்ணி தண்ணியாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார். மாமி பக்கத்தில்தான் இருந்தார். அழவில்லை. போர்வையை இழுத்து அவருடைய காலை மூடினார்.

ஃபியூனரல் ஹோமிலும் மாமி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மகன் மறுபடியும், "அம்மாவுக்குப் பூவும் பொட்டும் எடுக்கணும்ல" என்றபோதுதான் கைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அதத்தான் அவரு வேணாம்னாரு."

"சித்தி, அவரு சும்மா தமாசுக்குச் சொன்னது."

"தமாசு இல்லடா. அன்னிக்கு எனக்கு அறியாத வயசு. உங்கப்பாதான் முன்ன நின்னாரு. ஊரே கூடி என் வளையல உடைச்சீங்க, பொட்ட அழிச்சீங்க. அவரு திரும்பி வந்து என் கையத்தான் பார்த்தாரு. கண்ணாடி கிழிச்ச தழும்பு. இனிமே ஒருத்தனும் உன்னத் தொட்டு இது பண்ணக்கூடாதுன்னாரு. தான் செத்தாலும் கூடாதுன்னாரு. கருமாதின்னு ஒண்ணு வச்சாத்தான அதையும் பண்ணுவீங்க?"

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம்ணா. தகனம் மட்டும்தான்" என்றார். ஐயர் பஞ்சாங்கத்தை மூடினார்.

காரை ஓட்டும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் அந்த ஒரு வசனத்தால் எங்களைப் படுத்தியவர், அதற்கு அடுத்த வசனத்தைச் சொல்லியிருக்கலாமே. குதிரைச் சாணத்தைப் பற்றிச் சபையில் பேச முடிந்தவருக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லையா?

"மாமா ஏன் மாமி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"அதச் சொல்ல அவருக்கு வெக்கம்மா," என்றார் மாமி. வோபர்ன் தாண்டும்போது தமிழ்க் கடை ஒன்றைக் கண்டு என் தோளைத் தொட்டார். "கொஞ்சம் நிறுத்தறியா? வீட்ல குங்குமம் தீந்துபோச்சு."