தாவ் பின்னின் கஷாயச் சக்கை

எங்கள் கடைத்தெருவில் பன்றிக்கறி விற்கும் தாவ் பின்னுக்கு வாய்தான் முதல் வியாபாரம், கறி அதற்கப்புறம்தான். ஒல்லியாக ஓர் ஆண்பிள்ளை கடைப்பக்கம் வந்துவிடக் கூடாது. "என்னப்பா, வீட்ல ஒண்ணும் நடக்கிறதில்லையாமே? பன்னிக் கிட்னி ரெண்டு கட்டித் தரட்டா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவான். எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய்விட்டது. கிட்னி பலமாக இருந்தால்தான் ஆண்மை என்பது எங்கள் ஊர் வைத்தியம்.

பெண்டாட்டி செத்துத் தனியாகக் கிடந்தவன், ஐம்பது தாண்டிய பிறகு தோஃபு விற்கும் சுயினைக் கட்டிக்கொண்டான். அவளும் புருஷனை இழந்தவள். அவன் கத்தியைவிட அவள் நாக்கு கூர்மை. கல்யாண விருந்தில் தன் தெம்பைப் பற்றி அவன் அளந்த அளப்பைக் கேட்டு நாங்கள் சோற்றுக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். சுயின் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாக்கலாம்" என்றாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் வீட்டு ஜன்னலிலிருந்து கஷாய வாசனை வர ஆரம்பித்தது.

"யாருக்குண்ணே உடம்பு சரியில்ல?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். இருமல்" என்று சொல்லி இருமிக் காட்டினான். அவ்வளவு மட்டமான இருமலை நான் கேட்டதே இல்லை.

உள்ளூர் மருந்துக்கடை இருக்க, ஆற்றைத் தாண்டி அடுத்த ஊரில் நாடி பிடித்துப் பொட்டலம் வாங்கி வந்திருக்கிறான். அதுவரை கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சக்கையை என்ன செய்வது? குப்பையில் போட்டால் மருந்து பலிக்காது. நடுத்தெருவில்தான் கொட்ட வேண்டும். போகிற வருகிறவர்கள் மிதித்து மிதித்து நோயைத் தங்கள் காலோடு கொண்டுபோய்விடுவார்கள். ஆனால் தெருவில் கிடக்கும் சக்கையைச் செருப்பு நுனியால் கிளறிப் பார்க்காமல் தாண்டிப் போகிற பெண் எங்கள் ஊரில் கிடையாது. வேரையும் பட்டையையும் பார்த்தே யாருக்கு மூலம், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவோம். டாக்டராவது வெளியே சொல்லாமல் இருப்பார், நாங்கள் இருக்கமாட்டோம்.

அதனால் அவன் விடிவதற்குள் பானையைத் துணியால் மூடி எடுத்துப்போய்ப் பின்தெரு முச்சந்தியில் கவிழ்த்துவிட்டு வந்தான். தினமும் இதே வேலை. முச்சந்தியை ஒட்டினாற்போல் பான் அத்தையின் வாசல் இருப்பதை அவன் யோசிக்கவே இல்லை.

பான் அத்தை வீட்டில் ஒரே மகள் சியாவ்ஹே. வசந்தத்தில்தான் லு ஜின் என்கிற பையனை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்திருந்தார்கள். சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன், வாயில்லாப் பூச்சி. அத்தை சக்கையைக் கிளறினாள். மான்கொம்புச் சீவல். கிடாய் தின்றால் கட்டுக்கு அடங்காது என்று நாங்கள் சொல்லும் அந்தப் பூண்டின் இலை. தினமும் தன் வாசலில்! பையன் கடையில் வைத்துத் திருட்டுத்தனமாகக் காய்ச்சிக் குடிக்கிறான், நோய் போகவேண்டுமென்று வீட்டு வாசலிலேயே கொட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அவன் மெத்தை தெருவுக்கு வந்தது.

"அம்மா, அவருக்கு ஒரு குறையும் இல்லம்மா!" என்று சியாவ்ஹே கத்தினாள்.

"உனக்கென்னடி தெரியும்? இன்னொருத்தனோட ஒத்துப் பாத்திருக்கியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள் அத்தை. பேரப்பிள்ளை பெற்றுத் தராதவனுக்குத் தன் வீட்டில் சோறில்லையாம்.

பையன் மெத்தையோடு என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது, அவன் தொடவில்லை. "நான் கஷாயமே குடிக்கலக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கறிவெட்டும் சத்தம் எதிரே நின்றுபோனதை நான் கவனித்தேன். தாவ் பின்னின் முகம் அவன் விற்கும் கொழுப்பின் நிறத்துக்கு வந்திருந்தது.

சுயின் கறிக்கடைக்குள்ளிருந்து மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் எனக்குக் கேட்டது.

"யோவ். அந்தப் புள்ள குடும்பம் போகுது."

"சொன்னா இந்தத் தெருவுல நான் தலகாட்ட முடியுமாடி? எத்தன பேரக் கேலி பண்ணியிருக்கேன்!"

"கேலி பண்ணும்போது என்னக் கேட்டா பண்ணின?"

மறுநாள் சந்தை. கூட்டம் நெரிந்த நேரத்தில் தாவ் பின் பானையோடு வெளியே வந்தான். தன் கடைக்கு நேர் எதிரே, நடுத்தெருவில், ஆவி பறக்கும் சக்கையைக் கொட்டினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! பான் அத்தை வாசல்ல கெடந்ததும் இதுதான், என்னோடதுதான்! அந்தப் பையனுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் முடியல!"

"இருமலாண்ணே?" என்று யாரோ கேட்க, சந்தையே சிரித்தது. அவன் தலைகுனிந்து நின்றான். அவனிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட அத்தனை ஆண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் ஒருத்தன் மிதிக்க வேண்டுமே! மூங்கில் கூடைக்காரன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனான். மூன்று சக்கர வண்டிக்காரன் வண்டியையே திருப்பிக்கொண்டான். அந்த நோய் தங்களுக்கு ஒட்டிவிட்டால்?

மிதிக்காத சக்கையால் என்ன பிரயோசனம்? "யாராச்சும் மிதிங்கப்பா" என்று தாவ் பின் கேட்டான். அவன் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை.

புருஷனை அழைத்துப்போக வந்திருந்த சியாவ்ஹேதான் முதலில் இறங்கினாள். இரண்டு காலையும் வைத்து நன்றாக மிதித்தாள். "எனக்கு எங்க ஒட்டப்போகுது?" என்றாள்.

அட, ஆமாம்! நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மீன்காரி வந்தாள், முட்டைக்காரி வந்தாள், சந்தைக்கு வந்த முன்பின் தெரியாத பெண்களெல்லாம் கூடையோடு வந்து மிதித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பான் அத்தையும் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மிதித்துவிட்டு, மாப்பிள்ளையின் மெத்தையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

தாவ் பின் நடுத்தெருவில் நின்று குழந்தைபோல் அழுதான். சுயின் அவன் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டாள்.

"அழாதய்யா. ஊர்ப் பொம்பளைங்க மொத்தமும் மிதிச்சுட்டாங்க. இனியும் சரியாகலன்னா போகட்டும் விடு, நான் உன் கிட்னியப் பாத்தா கட்டிக்கிட்டேன்?"