எட்டி உதைத்த கிண்ணம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘திருத்தம்’. பக்கத்து மேசைக்காரர் கொட்டாவி விட்டால்கூட அதில் ஒரு பிழை கண்டுபிடிப்பாள். நான் உரக்கப் படிப்பேன், அவள் அச்சுப்படியில் சரிபார்ப்பாள். அன்று ‘ஸ்பர்ன்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தது. இகழ்ந்து ஒதுக்குவது என்று பொருள். ஆனால் எங்கள் அகராதியில் பழைய பொருள்தான் முதலில் வரும்: காலால் எட்டி உதைத்துத் தள்ளுவது. அந்தச் சொல் பிறந்ததே காலில்தான்.

இப்படி ஒன்று கிடைத்தால் அவள் மணிக்கணக்கில் வம்பளப்பாள். அன்று பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

“என்னடி ஆச்சு?” என்றேன்.

“எங்க அத்தை இதைத்தான் பண்றாங்க.”

அத்தை என்றால் மாமியார். மகன் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் முதல் நாளிலிருந்தே இவளைக் கண்டால் ஆகாது. இப்போது பக்கவாதம். பேச்சும் போய், வலப்பக்கமும் போய், மிஞ்சியது இடது கையும் காலும்தான். இவள் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே போனால் அந்தக் கால் எழும். கஞ்சி சுவரெல்லாம் வழியும். மகன் ஊட்டினால் மட்டும் மடமடவென்று உள்ளே இறங்கும். அவனோ லாரி ஓட்டுகிறவன், கிளம்பினால் திரும்ப நாளாகும். சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போடவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“வியாதிதான் உதைக்குது, அவங்களா உதைக்கிறாங்க?” என்றேன் ஆறுதலுக்கு.

“அப்ப பிள்ளைய மட்டும் ஏன் உதைக்கல?”



முந்தின நாள் அவள் ஒரு தந்திரம் செய்து பார்த்திருக்கிறாள். வளையலைக் கழற்றிவிட்டு, டீசல் வாடை அடிக்கும் கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாமல் தலைமாட்டில் நின்று பின்னாலிருந்து ஸ்பூனை நீட்டினாள். வாய் திறந்தது. ஒரு வாய், இன்னொரு வாய் என்று கிண்ணம் பாதி காலி. சந்தோஷத்தில் இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வர, மூக்கை உறிஞ்சிவிட்டாள்.

அத்தை இடது கையால் துழாவி இவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கால் எழவில்லை. கையை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயிலிருந்த கஞ்சியை விழுங்காமல் வழியவிட்டாள்.

“உதைச்சிருந்தாக்கூடத் தேவலாம்னு இருந்துச்சு,” என்றாள் திருத்தம். “சாயங்காலம் குழாய் போட வர்றாங்க. அவங்க குழாயப் பிடுங்கிடாம கைய இறுக்கிப் பிடிச்சுக்க வீட்டு ஆள் ஒருத்தர் வேணுமாம். நான்தான் இருக்கேன்.”