பிளாக்கை நீட்டிக்கச் சொன்ன சண்முகம் சார்

சண்முகம் சார் போயிட்டார். காலையில அவங்க வீட்டம்மா போன் பண்ணாங்க... தூக்கத்துலயே.

நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து எழுதற இணையத் தமிழ் அகராதி பத்தி இங்க அடிக்கடி சொல்லியிருக்கேன். அதுல பாதிக்கு மேல சார் எழுதினதுதான். பெங்களூர் பீன்யாவுல ஒரு ஃபேக்டரியில குவாலிட்டி செக்கிங் பாத்து ரிட்டயர் ஆனவர். தப்பு கண்ணுல பட்டா விடமாட்டார்.

அதுகூடப் பரவாயில்ல... வாய்தான்.

பொம்மனஹள்ளியிலேர்ந்து ரேவதின்னு ஒரு பொண்ணு புதுசா எழுத வந்தாங்க. ரெண்டு மூணு இடத்துல ஒற்று விட்டுப்போச்சு. "தமிழே தெரியாம எதுக்கு இங்க வந்து உயிரை வாங்கறீங்க?"ன்னு எல்லாரும் பாக்கற பக்கத்துல எழுதிட்டார். ரேவதி, தான் எழுதினதை எல்லாம் அழிச்சிட்டுப் போயிட்டாங்க.

இதுக்கு முன்னாடியும் சிலர் இப்படித்தான் போனாங்க. சொல்லிப் பாத்தாச்சு, எச்சரிக்கையும் குடுத்தாச்சு. அவர் கோவிச்சுட்டா அகராதியே நின்னுடும்னு மத்த அட்மின்கள் தயங்கினாங்க. நான்தான் அவர் எதுவும் எழுத முடியாதபடி ஒரு வாரம் பிளாக் பண்ணேன். அப்பா வயசு மனுஷன்...

வாரம் முடிஞ்சதும் அவர்கிட்டேர்ந்து போன். திட்டத்தான் போறார்னு நினைச்சு எடுத்தேன்.

"இன்னும் ஒரு மாசம் போட்டு வைம்மா"ன்னார். "வீட்ல நிம்மதியா இருக்கு."

அதுவரைக்கும் சாப்பிடறப்பகூட போனைப் பாத்துப் பல்லைக் கடிச்சிட்டே இருப்பாராம். இப்ப வீட்டம்மாவோட லால்பாக்ல வாக்கிங். பீபிகூட இறங்கியிருக்காம்.

சொன்ன மாதிரியே ஒரு மாசம் கழிச்சு வந்தார். முதல் வேலையா ரேவதிகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டார். அவங்க உடனே வரல... ஆனா வந்தாங்க. போன வாரம் அவங்க எழுதின ஒரு சொல்லுக்குக் கீழ, "நல்லா வந்திருக்கு. ஒரு எழுத்து மட்டும் சேர்த்தேன், பாருங்க"ன்னு போட்டிருந்தார்.

இன்னிக்கு நீலசந்திராவுல அவர் வீட்டுக்குப் பயந்துட்டேதான் போனேன். அவரை நிறுத்தி வெச்சவ நான்தானே.

வீட்டம்மா என் கையைப் பிடிச்சுட்டாங்க. "இப்பல்லாம் கத்தறதே இல்லம்மா. நேத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தி. அதுக்கும் ஒண்ணும் சொல்லல, சாப்ட்டுட்டுப் படுத்தாரு."

அழுகை வந்துது. கூடவே... எப்படிச் சொல்றது, மூச்சு சீரா வந்துது.

கிளம்பறப்ப, அவரோட அக்கவுண்டை என்ன பண்ணணும்னு கேட்டாங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, அது திறந்தே இருக்கட்டும்னு சொன்னேன்.

போயிட்டு வாங்க சார்.