டாங்கியை இழுத்த வண்டி

போன வருடம் எங்கள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா. திரேஸ்புரத்தில் மாதா கோயில் பூசை முடிந்து, பக்கத்து மண்டபத்தில் விருந்து. அங்கேதான் நான் கூனிக் குறுகிப்போனேன்.

என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். பழுதாகியோ சிக்கியோ நிற்கும் டாங்கிகளை இழுத்து வரும் ரெக்கவரி வண்டியில் வேலை. அதற்கும் டாங்கி போலவே இரும்புக் கவசமும் சங்கிலிச் சக்கரமும் உண்டு. பீரங்கிக்குப் பதில் கிரேனும் இரும்பு வடமும் இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் ரெக்கவரி வண்டி என்றால், ஹார்பர் ரோட்டில் கவிழ்ந்து கிடக்கும் டிரெய்லரைத் தூக்க வருவது. வெளியே சொல்லவே எனக்குக் கூச்சம். "அவிய டாங்கி ஓட்டுதாவ" என்றுதான் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். அவர் வேலையைப் பற்றி வாயெடுத்தாலே, "மெக்கானிக் கதைய யாரு கேட்டா?" என்று அடக்கிவிடுவேன்.

விருந்துக்கு வேலூரிலிருந்து அவருடைய பட்டாளத்து நண்பர் வந்திருந்தார். என் அண்ணன் சும்மா இராமல், "மாப்ள, ரெண்டு பேரும் ஒரே டாங்கிலயா இருந்திய?" என்று கேட்டுவிட்டார். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணாலேயே மிரட்டினேன். "ஆமா மச்சான்" என்று முணுமுணுத்தார்.

நண்பர் திகைத்துப்போனார். "டாங்கி ஓட்டினது நான்தாங்க. இவரு வரலைன்னா இன்னிக்கு நான் உயிரோடவே இல்ல" என்றார்.

ராஜஸ்தானில் பயிற்சியின்போது நண்பர் ஓட்டிய டாங்கி கால்வாய்க்குள் சரிந்துவிட்டதாம். மற்றவர்கள் மேல்வழியாகத் தப்பிவிட்டார்கள். டிரைவரான இவர் வெளியேற வேண்டிய மூடி மட்டும் தண்ணீருக்கடியில். உள்ளேயும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே இழுக்க வேண்டுமானால் யாராவது முங்கிப் போய் வடத்தை மாட்ட வேண்டும். சங்கு குளிக்கும் குடும்பத்தில் பிறந்த என் கணவர் குதித்திருக்கிறார். கலங்கல் தண்ணீரில் கண் தெரியாமல், கையால் தடவியே டாங்கியின் கொக்கியைக் கண்டுபிடித்து வடத்தை மாட்டியிருக்கிறார். அதன் பிறகுதான் ரெக்கவரி வண்டி டாங்கியை நண்பரோடு வெளியே இழுத்ததாம்.

சொல்லி முடித்த நண்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மண்டபமே என் கணவரைப் பார்த்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "இத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொல்ல வந்தேன்லா. ஒனக்குப் பிடிக்கலன்னு விட்டுட்டேன்" என்றார். குரலில் துளிக் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது நானே அந்த வண்டியைப் பற்றி எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனாலும் யாராவது அவரிடம், "பட்டாளத்துல என்ன வேல அண்ணாச்சி?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன் அவர் கண் என் பக்கம் திரும்புகிறது. அந்தப் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவள் நான் என்பதை நினைத்து ஒவ்வொரு முறையும் கூசிப்போகிறேன்.