மேல்தட்டில் எட்டுப் பாத்திரங்கள்

எங்கள் அடுக்களையின் மேல்தட்டில் அந்தச் சித்திரையில் எட்டுப் பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட எங்களுடையது இல்லை. ஆறு எதிர்வீட்டுக்குச் சொந்தம், இரண்டு பக்கத்து வீட்டு மாமிக்கு. காலையில் கருப்பட்டிக் காப்பி குடிக்கும்போது அவற்றை எண்ணுவேன். ராத்திரியில் தானாகக் குறைந்துவிடப் போவதில்லை என்று தெரிந்தும் எண்ணுவேன்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் போனஸ் தகராறில் மில்லைப் பூட்டினார்கள். பத்து நாளில் திறந்துவிடும் என்றார்கள். மாசி போயிற்று, பங்குனி வந்தது, கேட்டில் தொங்கிய பூட்டில் துரு ஏறியதுதான் மிச்சம். பையன் மதுரை ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். தபால் ஆபீஸில் போட்டு வைத்திருந்தது அவனுக்கு, வீட்டில் இருப்பது எங்களுக்கு என்று இரண்டாகப் பிரித்தேன். பிரித்த கையோடு ஒரு விதியும் போட்டேன்: வீட்டில் இருப்பது தீர்கிற வரைக்கும் பாலும் மண்ணெண்ணெயும் தவிர வெளியிலிருந்து எதுவும் வாங்கக் கூடாது.

மில்லில் நான் செய்த வேலையே அதுதான். பழைய சரக்கு தீராமல் புதிய சரக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். அதனால் ஸ்டூல் போட்டு ஏறி, வீட்டிலிருந்த தகர டப்பாக்களையெல்லாம் இறக்கி, இருப்புப் பார்த்தேன். நினைத்ததைவிட நிறையவே இருந்தது. வத்திராயிருப்பில் இருக்கும் மைத்துனர் அறுப்பு முடிந்ததும் அனுப்பிய அரிசி ஒரு மூடை. சீனியவரங்காய் வத்தல், கத்தரி வத்தல், மிதுக்க வத்தல், சுண்டை வத்தல், மோர்மிளகாய். போன கோடையில் பிழிந்த கூழ்வத்தல் ஒரு பெரிய டின் நிறைய. மாங்காய் நறுக்கி உலர்த்திய மாவத்தல், பழம்புளி, மொச்சை, தட்டப்பயறு, காணம் என்கிற கொள்ளு. கடைசி டப்பாவில், அப்பாவின் திவசத்துக்கு வாங்கி மிஞ்சிய எள் கால் படி. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் ஆனி வரை தள்ளலாம்.

என் மனைவிக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. ஸ்டோரு வீட்டுக்கே வந்துவிட்டது, இனி உப்பு எடுக்கவும் சீட்டு எழுதித் தரணும் போல என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளாம். அந்த அம்மாவின் கணவர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாய். ஒன்பது வருஷமாக இரண்டு பெண்களும் சாயங்காலம் வாசலில் நின்று பேசாத நாள் கிடையாது. இவள் அவரைத் தங்கச்சி என்பாள், அவர் இவளை அக்கா என்பார். எனக்கு அந்தப் பேச்சில் பாதி புரியாது, மீதி தேவைப்படாது.

பங்குனி பாதியில் எனக்கே தொண்டையில் இறங்கவில்லை. இன்று சுண்டை வத்தல் குழம்பு, நாளை மிதுக்க வத்தல் குழம்பு, மறுநாள் காணத் துவையல், அதற்கு மறுநாள் மறுபடி சுண்டை. வீடு முழுக்க வறுத்த வத்தலின் வாடை. சட்டையிலும் அது, தலையணையிலும் அது. வெளியே போனால் மில் எப்போது திறக்கிறது என்று நாலு பேர் கேட்பார்கள் என்பதால் நான் போகவில்லை. காய்கறிக்காரி வாசலில் நின்று கூவினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் ஒரு கதவைச் சாத்தி வைத்தேன். பொறவு இரண்டையும் சாத்தினேன். தெருவில் எல்லா மொட்டை மாடியிலும் வேட்டி விரித்து இந்த வருஷத்து வத்தலைக் காயப் போட்டிருந்தார்கள். போன வருஷத்து வத்தலை அளந்து தின்றுகொண்டு நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நோன்பு பிறந்தது. எதிர்வீட்டிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள், வெள்ளிக்கிழமையும் இடையில் ஒன்றிரண்டு நாளும், நோன்புக் கஞ்சி வரும். இது வருஷா வருஷம் நடப்பது. பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் போட்டு, கறித்துண்டு போடுவதற்கு முன்பே எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்த கஞ்சி. தூக்குச்சட்டி நிறைய இருக்கும். வத்தல் தின்று மரத்துப்போன நாக்குக்கு அது என்னவாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அதோடு, கஞ்சி வந்த நாளில் ராத்திரிச் சமையல் கிடையாது. ஒரு வேளை அரிசி மிச்சம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. எந்த வீட்டுக்கும் தெரிந்த வழக்கம். மற்ற வருஷங்களில் என் மனைவி இரண்டு வாழைப்பழமோ, ஒரு கை பொரிகடலையோ, முறுக்கோ போட்டுக் கொடுப்பாள். இந்த வருஷம் வாங்கக் கூடாது என்றதால் பழம் இல்லை, முறுக்கு இல்லை. டப்பாவிலிருந்து எடுக்கலாமே என்றாள். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு நாள் ஒதுக்கியாயிற்று என்றேன். முதல் இரண்டு தூக்கும் கொல்லையில் நின்ற செடியின் கறிவேப்பிலையோடு திரும்பிப் போயின. அத்தோடு செடி மொட்டை.

மூன்றாவது தூக்கைக் கழுவி மேல்தட்டில் கவிழ்த்தாள். கழுவினதை அப்படியே கொடுக்க வேண்டியதுதானே என்றேன். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள். நான் கொடுக்கவில்லை. அடுத்த கஞ்சி வேறொரு தூக்கில் வந்தது. அதற்கடுத்தது மூடி போட்ட ஒரு குண்டாவில். பொறவு டிபன் கேரியரின் ஒரு அடுக்கில், அடுத்த தடவை இன்னொரு அடுக்கில். ஒரு வீட்டின் பாத்திரங்கள் எந்த வரிசையில் தீர்ந்துபோகும் என்பதை எங்கள் மேல்தட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் கல்யாணத்துக்குக் கொடுத்தவர்களின் பெயர் வெட்டியிருந்தது. முகம் தெரியாத மனிதர்கள் பெயரெல்லாம் என் அடுக்களையில் வரிசையாக நின்றன. இதற்கு நடுவில் பங்குனி உத்திரத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு வெங்கலக் கிண்ணங்களில் கொடுத்துவிட்டுப் போனார். அவையும் மேலே ஏறின.

பாத்திரம் சேரச் சேர என் மனைவி வாசலுக்கு வருவது நின்றது. தண்ணீருக்குப் பின்பக்கத்து முடுக்கு வழியாகப் போய் அடுத்த தெருக் குழாயில் பிடித்தாள். கோவிலுக்குப் போகவில்லை, மாமி அங்கே இருப்பார். நான் மில்லுக்குப் பயந்து உள்ளே இருந்தேன், அவள் பாத்திரங்களுக்குப் பயந்து உள்ளே இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அம்மாவே தூக்கோடு வந்து கதவைத் தட்டினார். நான்தான் திறந்தேன். என் மனைவி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி, இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினாள்.

“அக்கா எங்க அண்ணாச்சி? கண்ணுலயே காணலயே.”

தலைவலி, படுத்திருக்கிறாள் என்றேன். அவர் போகாமல் நின்றார்.

“எம்மேல எதும் வருத்தமா? நான் எதும் சொல்லிட்டனோன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன். ஒண்ணும் தோண மாட்டேங்கு.”

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லித் தூக்கை வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகும் அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். கஞ்சியை நான் மட்டும் குடித்தேன். அது ஆறாவது பாத்திரம், மாமியுடையதோடு எட்டு.

மறுநாள் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டில் எதற்கும் ஒதுக்காமல் கிடந்தது அந்த எள் ஒன்றுதான். அதில் ஒரு பிடியை மாமியின் கிண்ணம் ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாமி கிண்ணத்துக்குள் பார்த்தார். முகம் மாறவில்லை, கை மட்டும் நீளவில்லை. கிண்ணத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நாலணாவோடு வந்தார்.

“தப்பா எடுத்துக்காதேள். எள்ளைச் சும்மா வாங்கிக்கப்படாது.”

எள் சாவுச் சடங்குக்குரியது, இனாமாக வாங்கினால் வாங்கியவர் வீட்டுக்கு ஆகாது. எனக்குத் தெரியாததா? அப்பாவுக்கு வருஷம் தவறாமல் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவன்தானே நான். ஆனால் அன்று காலையில் என் கண்ணுக்கு அது எள்ளாகத் தெரியவில்லை, ஒதுக்காத சரக்காகத் தெரிந்தது. நாலணாவை வாங்காமல் வந்தால் அவருக்குத் தோஷம். வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“வித்துட்டா வந்தீக?”

நாலணாவை அவளிடம் நீட்டினேன்.

“நல்லதுதான். தையிலருந்து இதுதான் உங்க மொத வரும்படி.”

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நாலணாவை வாங்கி, மேல்தட்டில் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா இந்தத் தெருதான் ஓடி வரும். உங்க டப்பா வராது. போன வருசம் காய்ச்சல்ல கெடந்தப்போ எனக்குத் தலை சீவிவிட்டவ அவ. அவ வாசல்ல நின்னு எம்மேல வருத்தமான்னு கேக்கா, நான் கதவுக்குப் பின்னால திருடி மாதிரி நிக்கேன்.”

இரண்டு மாதம் பொறுத்தால் போதும், மில் திறந்ததும் எல்லாப் பாத்திரத்திலும் பழமாக நிரப்பிக் கொடுக்கலாம் என்றேன்.

அடுத்த கஞ்சி வழக்கம்போல வந்தது, இந்தத் தடவை ஒரு வாளியில். மாமியின் கிண்ணம் ஒன்று போயிருந்ததால் மறுபடி எட்டு. அதற்கடுத்த முறை வரவில்லை. நாங்கள் அடுப்புப் பற்ற வைக்காமல் காத்திருந்தோம். நோன்பு திறக்கிற சங்கு ஊதி முடிந்து, எதிர்வீட்டில் பேச்சுக்குரல் கேட்டு, அடங்கியது. கதவைத் தட்ட யாரும் இல்லை. பாத்திரம் தீர்ந்துவிட்டதா, மனம் தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பெருநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. பிரியாணி ஆக்கித் தெருவுக்கே கொடுத்தனுப்பும் வீடு அது. பாத்திரமெல்லாம் எங்கள் தட்டில். அன்று ராத்திரி நான் பழைய சோறும் மோர்மிளகாயும் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை.

விடிந்ததும் மில்லில் பேச்சுவார்த்தை என்று தகவல் வந்ததால் ராஜபாளையம் போனேன். கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நாற்பது பேர் நின்றிருந்தோம். மத்தியானம் வரை நின்றோம். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ரோட்டோரத் தள்ளுவண்டியில் சப்பட்டை மாம்பழம் குவித்திருந்தார்கள். வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் முதலில் தெரிந்தது, எங்கள் வீட்டுக் கதவு. இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. உள்ளே யாரும் இல்லை. மேல்தட்டு காலி, நாலணா மட்டும் இருந்தது. கொல்லையில் தகர டப்பாக்களையெல்லாம் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள். ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தேன். எதிர்வீட்டுக்குள்ளிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.

அவள் வந்ததும் கேட்டேன். கூழ்வத்தல்?

“பெருநாளுக்கு வறுக்கட்டும்னு அம்புட்டையும் அங்க கொடுத்துட்டேன்.”

மாவத்தல் மாமிக்குப் போயிருந்தது. மிதுக்க வத்தல், பாய்க்கு நோன்பில் நாக்குச் செத்துப்போய்விட்டதாம், அவருக்கு. மொச்சை ஒரு குண்டாவில், தட்டப்பயறு ஒரு அடுக்கில், காணம் வாளியில்.

“ஏட்டி, ஆனி வரைக்கும் இருந்த சரக்கு அது.”

“வீட்ல இருக்குறது தீரட்டும், பொறவு வாங்கலாம்னு நீங்கதான சொன்னீக? தீந்துபோச்சு. இனி வாங்குங்க.”

விதி நான் போட்டது. அதில் எந்த இடத்திலும் ஓட்டை இல்லை. எந்த வாய் தின்று தீர வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஆனாலும் அந்தச் சரக்கு சிக்கனமாக இருந்தால் ஆனி வரை வந்திருக்கும். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அரிசியை மட்டும் விட்டு வைத்திருந்தாள். பையனுக்குரிய பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, நாலணாவையும் சேர்த்துக்கொண்டு, பாயின் கடைக்குப் போய்த் துவரம்பருப்பு வாங்கினேன். மில் என்னாச்சு என்று அவர் கேட்டார். இன்றைக்கு இல்லை என்றேன். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, மிதுக்க வத்தல் நல்லா கைக்குது, ருசியா இருக்கு என்றார். நான் தலையாட்டினேன்.

ராத்திரி அவள் பருப்பு கடைந்தாள். சாப்பிட்ட பிறகு பழக்கத்தில் மேலே பார்த்தேன். எங்கள் பித்தளைத் தூக்கு ஆணியில் இல்லை. எங்கே என்று கேட்டேன்.

“சுண்டை வத்தலுக்குப் பாத்திரம் பத்தல. நம்ம தூக்குலதான் போட்டுக் கொடுத்தேன்.”

“எப்பத் தருவாக?”

“அவிய மட்டும் வெறுமனே தருவாகளா? பெருநா முடியட்டும்.”

அப்படியானால் இனி அது வரும். நிறைந்து வரும். வந்ததற்குப் பதில் அவர்கள் பாத்திரம் ஏதாவது இங்கே நிற்கும். அதற்கும் நான் ஏதாவது வாங்க வேண்டும். மில் திறக்கவில்லை. யோசித்துக்கொண்டே எழுந்து, கதவைச் சாத்திவிடலாமா என்று கேட்டேன்.

“சாத்தாதீக. செத்த நேரம் கெடக்கட்டும்,” என்றாள்.