பலாமரத்துக்குச் சொந்தம் கட்டிய சிறுமியைப் பார்க்கப் போய்

இந்த ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை புதூர்நாட்டுக்குப் போய் வந்தேன். ஜவ்வாது மலைக்கு ஆட்கள் வழக்கமாகப் போகிற காரணம் எதுவும் எனக்கு இல்லை. அருவி பார்க்கவில்லை, குளிர் காற்று வாங்கவில்லை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி பேசுவதைக் கேட்கப் போனேன். போகிற வழியும் செலவும் கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன், ஆனால் முழுக்கப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் என்னை அங்கே இழுத்துப்போன ஏழு புத்தகங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எந்த மொழிபெயர்ப்பு நல்லது என்று கீழே சண்டை ஆரம்பித்துவிடும். ஒரு துறைமுக ஊர். படகு பழுதுபார்க்கிறவர் வீட்டில் ஒரு பெண் வளர்கிறாள். கரையில் நிற்கிற படகுகளுக்கெல்லாம் அவள் சொந்தபந்தம் கட்டிவிடுவாள். இது அதற்கு நாத்தனார், அது இதோடு கோபித்துக்கொண்டு போனது என்று வாய் ஓயாமல் பேசுவாள். ஆறாம் வகுப்பில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது முதல் பாகம் என் கைக்கு வந்தது. வீட்டில் யாரும் பக்கத்தில் வராத அந்த நாட்களில் அவள் மட்டும்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் மனசு சரியில்லை என்றால் அந்தப் புத்தகத்தைத்தான் எடுக்கிறேன். என்னைப் போன்ற பைத்தியங்கள் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம்.

போன ஆண்டு அந்தக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மலைக்கு பைக்கில் போன யாரோ எடுத்தது. புதூர்நாட்டுப் பக்கத்துக் குக்கிராமத்தில் ஒரு சிறுமி வீட்டைச் சுற்றியிருக்கிற மரங்களை அவருக்கு அறிமுகம் செய்து வைக்கிறாள். (அவளை இங்கே மல்லி என்று சொல்கிறேன், அது அவள் பெயர் இல்லை.) பலாமரம் வருஷா வருஷம் மாசமாக இருக்கிறதாம், ராத்திரியில் வயிற்று வலியால் முனகுமாம். புளியமரம் அதற்கு மாமியார், எது சொன்னாலும் மூஞ்சியைப் புளிப்பாக வைத்துக்கொள்ளுமாம். கரண்ட் கம்பம், கீழே இருந்து மாற்றலாகி வந்த சார். யாரோடும் பேசாது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒன்றரை நிமிடம்தான். நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். எங்கள் குழுவே அழுதது. அவள் நம்முடைய பெண்தான், புத்தகத்திலிருந்து இறங்கி வந்துவிட்டாள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நானும் எழுதினேன்.

அதற்குப் பிறகு குழுவிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்கு லீவு கிடைக்க இவ்வளவு நாள் ஆனது. அவளுக்குக் கொடுக்க மீதி ஆறு பாகங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் பாகத்தைச் சுகந்தி அக்கா ஏற்கெனவே அவளுக்குக் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, எங்கள் குழுவிலேயே தங்கமான மனுஷி.

சென்னையில் காலை ஆறு மணி வாக்கில் ரயில் ஏறினால் ஒன்பதரைக்குள் ஜோலார்பேட்டை. இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 110 ரூபாய் ஆனது. அங்கிருந்து திருப்பத்தூர் பத்து கிலோமீட்டர், டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. புதூர்நாட்டு பஸ்ஸை நான் கண்ணெதிரே தவறவிட்டேன். அடுத்தது பகல் பன்னிரண்டுக்குத்தான் என்றார்கள். ஷேர் ஜீப்பில் எழுபது ரூபாய் கொடுத்து ஏறினேன். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். வாந்தி வருகிறவர்கள் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதூர்நாட்டில் இறங்கி, குக்கிராமத்துக்கு வேறு ஜீப் பேசினேன். ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்பே டிரைவர் என் பையையும் காட்டன் புடவையையும் பார்த்துவிட்டார்.

“பாப்பா வூட்டுக்கா மேடம்? போய்ட்டு வர ஐந்நூறு. வெயிட்டிங் ஒரு மணி நேரம். எல்லாருக்கும் அதே ரேட்டுதான்.”

எல்லாருக்கும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் ரெண்டு வண்டிக்குக் குறையாது என்றார். இன்னா கேஸ் மேடம் அது, சாமி கீமி வருதா அந்தப் பொண்ணுக்கு என்று அவருக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம். புத்தக விஷயம் என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

மல்லியின் வீட்டு வாசலில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. விருந்தாளிகளுக்காக வாங்கியதாம். அவள் அம்மா வாங்கம்மா என்று உட்காரவைத்து, பலாச்சுளை ஒரு தட்டு நிறையக் கொடுத்தார். அருமையான சுளை. மல்லியை முகம் கழுவிப் பவுடர் போட்டுக் கூட்டி வந்தார். வீடியோவில் பார்த்ததைவிட ஒரு பிடி உயர்ந்திருந்தாள். என் எதிரே வந்து நின்றாள். ஆரம்பிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுப்பதற்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. வீடியோ வேண்டாம், சும்மா பேசு என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

“இது பலாமரம். இது கப்பல்காரர் மகள். இவங்க அப்பா கடல்ல போய்ட்டாரு. இவங்க வெளக்கு வச்சிக்கினு காத்துட்டு இருக்காங்க.”

பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற குரல். அத்தனையும் முதல் பாகத்தில் இருப்பது. அங்கே அது பழைய மீன்பிடிப் படகு ஒன்றைப் பற்றியது. புளியமரம் கலங்கரை விளக்குக்காரரின் மனைவியாகியிருந்தது. கரண்ட் கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடல் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தக் கம்பத்து சார் எப்படி இருக்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அது தப்புங்க. புக்குல அப்டி இல்ல.”

அவள் அம்மா பெருமையோடு விளக்கினார். முன்னெல்லாம் இது வாய்க்கு வந்ததை உளறும், வருகிற அக்காமார்தான் பொறுமையாக உட்கார்ந்து சரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பாவம், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், இதுவும் ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? இதைக் கேட்டதும் சுளைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சுகந்தி அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே, நம்ம புத்தகத்துப் பெண் இதை எப்படிச் சொல்வாள் தெரியுமா கண்ணு என்று ஆரம்பித்திருப்பார். அன்பாகத்தான் சொல்லியிருப்பார். நான் முன்னாடியே வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம் இருந்தது. அது யார் என்று கேட்டேன். அது யாருன்னு இன்னும் தெரியாது என்றாள். ரெண்டாவது புத்தகத்தில் இருக்கும், கொண்டுவந்தீர்களா என்று என் பையைப் பார்த்தாள்.

“நீயே எதாவது சொல்லேன் மல்லி. உனக்கு என்ன தோணுதோ.”

அவள் மரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். உதடு ஒரு தடவை அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“தப்பாயிடுங்க.”

பையில் ஆறு புத்தகம் இருந்தது. என்னை வளர்த்த புத்தகங்கள். கொண்டுவரவில்லை என்று பொய் சொன்னேன். ஒரு குழந்தை ஆசையாகப் புத்தகம் கேட்டு நான் இல்லை என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்துவிட்டேன்.

ஜீப் வரைக்கும் அவள் அம்மா கூடவே வந்தார். குழந்தையைத் தொந்தரவு செய்கிறோமோ என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார்.

“முன்ன ராத்திரி படுத்தா தூங்கவே தூங்காதுங்க. தானா பேசிட்டே கெடக்கும், சிரிக்கும். அவங்க அப்பா அதட்டுவாரு. இப்ப சத்தமே இல்லீங்க. படுத்தா தூங்கிடுது.”

நல்ல செய்தியாகத்தான் சொன்னார். கீழே இறங்குகிற ஒன்றே கால் மணி நேரமும் அழுதுகொண்டே வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, பக்கத்தில் புளி மூட்டையோடு ஒரு அம்மாள் தலைசுற்றலா என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார். அந்தப் பெண் மறுபடி உளறுவாளா? தெரியவில்லை. உளறுவாள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு: திருப்பத்தூரில் ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே நம்பிப் போகாதீர்கள். சிக்னல் புதூர்நாட்டைத் தாண்டினால் சுமார்தான். சாமைச் சோறு கிடைத்தால் சாப்பிடுங்கள். பலாப்பழம் இந்த மாதம் கடைசி வரை கிடைக்கும். மாலை ஐந்துக்குள் இறங்கிவிடுங்கள், அப்புறம் வண்டி கிடைப்பது கஷ்டம். என் மொத்தச் செலவு சாப்பாடும் சேர்த்து ஆயிரத்துக்குள் அடங்கியது. குக்கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. யாரும் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் குழுவில் எழுதினேன். அங்கே போவதை நிறுத்திவிடலாம் என்று கெஞ்சினேன். எல்லாரும் கலங்கிப்போனார்கள். ஐயோ குழந்தை, இப்படி ஆகிவிட்டதே, உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்றார் சுகந்தி அக்கா. பழையபடி பேச வைப்பது எப்படி என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசிவிட்டார்கள். பதினான்கு பேர். கேக்கும் வாங்கிப் போகிறார்களாம். நீங்களும் வந்தால்தான் குழந்தைக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று என்னையும் கூப்பிடுகிறார்கள். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அவர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.